பன்னா கோட்டா ஓட்டல் பண்டமில்லை, தொழுவத்துப் பண்டம்

தொழுவத்தில் கறவை மாடும் கிணற்றடியில் எலுமிச்சை மரமும் வைத்திருக்கிற வீட்டில் பன்னா கோட்டா செய்யத் தெரியாமல் இருப்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. சிரிக்காதீங்க. உரவிலை, மழை, கூலி ஆள் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று இத்தாலிக்காரன் இனிப்பைப் பிடித்துக்கொண்டானே என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. அந்த இனிப்புக்கு வேண்டிய சாமான் முக்கால்வாசி நம்ம வீட்டில்தான் விளையுது. அதைத் தின்கிறவர்கள் மட்டும் நம்ம வீட்டில் இல்லை.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் பன்னா என்றால் பாலின் மேல் திரளும் க்ரீம், நம்ம ஊர்ப் பேச்சில் ஏடு. கோட்டா என்றால் வெந்தது. ஆக, வெந்த ஏடு, அவ்வளவுதான் பெயர். இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிற பியமான்ட் என்ற பகுதி இதைத் தன் பண்டம் என்று சொல்கிறது. ஏடு, கொஞ்சம் பால், சர்க்கரை, வெனிலா, பிடிக்க வைக்கக் கொஞ்சம் ஜெலட்டின். குளிர வைத்தால் ஆடிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் புளிப்பாக ஏதாவது வைப்பார்கள். அதில் எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தோன்றுவது எலுமிச்சை சார்பெட், அதாவது பாலே சேராத எலுமிச்சைப் பனி.

இதை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தது என் அண்ணன் மகள். கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சிக்கு இருந்தாள். லீவுக்கு வந்தவள், "சித்தப்பா, அங்க ஒரு சின்னக் கிண்ணம் என்ன விலை தெரியுமா?" என்று கேட்டாள். சொன்ன விலை, நான் எட்டு லிட்டர் பால் ஊற்றினால் கைக்கு வருகிற காசு. "அதுல உள்ள க்ரீம் நூறு கிராம்கூட இருக்காது சித்தப்பா" என்றாள். மறுநாளே செய்து காட்டச் சொன்னேன்.

செய்து முடித்து எங்க அம்மாவிடம் கொடுத்தோம். ஒரு வாய் வைத்தாள். "என்னல இது, சீம்பாலு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மாடு கன்று போட்ட முதல் ரெண்டு மூணு நாள் பாலை யாரும் வாங்க மாட்டார்கள். காய்ச்சினால் தானே திரண்டுவிடும் என்பதால் சொசைட்டியிலும் எடுக்க மாட்டார்கள். கன்று குடித்தது போக மிஞ்சுவதைக் கருப்பட்டியோ வெல்லமோ ஏலக்காயோ போட்டு ஆவியில் வேகவைத்து, நாமும் தின்று அக்கம்பக்கத்து வீட்டுக்கும் கொடுப்போம். சின்ன வயதில் அதற்காக மாடு எப்போது ஈனும் என்று காத்துக் கிடந்திருக்கிறோம். இப்போது யோசித்துப் பாருங்க. வருஷம் முழுக்க மாடு வைத்திருக்கிற வீட்டில் பாலைப் பதமாக, ருசியாக, வயிறார ஒரு பண்டமாகத் தின்பது எப்போது? அதை விலைக்கு வாங்க ஆள் இல்லாத அந்த மூணு நாள்தான். நாலாவது நாள் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணி கலந்த காப்பி. சில வீடுகளில் காலையில் பாலை ஊற்றிவிட்டுச் சாயங்காலம் கடையில் பாக்கெட் பால் வாங்குகிறார்கள். நான் கண்ணால் பார்க்கிறது இது.

சரி, செய்முறைக்கு வருவோம். படித்துவிட்டுச் செய்து பாருங்க, அப்புறம் என்னோடு சண்டை போடலாம்.

கறந்த பசும்பால் அஞ்சு லிட்டரை வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஆடாமல் வையுங்க. காலையில் மேலே மஞ்சள் பாரித்து ஏடு நிற்கும். கரண்டியால் மெதுவாக வழித்தால் நானூறு மில்லிக்குக் குறையாது. 4 சதவீதக் கொழுப்புள்ள அஞ்சு லிட்டர் பாலில் 200 கிராம் கொழுப்பு இருக்கு. அதில் பெரும்பங்கு இந்த ஏட்டில் வந்துவிடும். காய்ச்சின பால் மேல் படிகிற ஆடை வேறு, இது வேறு. ஆடையைப் போட்டால் திப்பி திப்பியாக நிற்கும். இத்தாலியில் கடையில் விற்கிற க்ரீமில் 35 சதவீதம் கொழுப்பு. நாம் வழிப்பது அதைவிடக் கொஞ்சம் இளசாக இருக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கீழே தங்கிய பாலை உறை ஊற்றி மோராக்கிக்கொள்ளலாம்.

ஏடு நானூறு மில்லி, பால் இருநூறு மில்லி, சர்க்கரை எழுபத்தஞ்சு கிராம். எல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு இளந்தீயில் கிண்டுங்க. ஒரு எலுமிச்சம்பழத் தோலின் மேல்புறத்தை மட்டும் துருவிப் போடுங்க. கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்து ஆவி பறக்கும்போது இறக்கிவிட வேண்டும். பச்சைப் பால் என்பதால் அந்தச் சூடு கட்டாயம் வேண்டும், ஆனால் பொங்க விடக்கூடாது. பெயர்தான் வெந்த ஏடு, கொதித்த ஏடு கிடையாது.

ஆறு கிராம் ஜெலட்டினை ரெண்டு மூணு கரண்டி பச்சைத் தண்ணியில் பத்து நிமிஷம் ஊறவைத்து, இறக்கின சூட்டில் போட்டுக் கரைத்து, வடிகட்டி, ஆறு டம்ளரில் ஊற்றி, ஆறினதும் ஃப்ரிட்ஜில் வையுங்க. அஞ்சு மணி நேரத்தில் பிடித்துவிடும். தட்டினால் நடுங்க வேண்டும். ரப்பர் மாதிரி நின்றால் ஜெலட்டின் கூடிப்போச்சு என்று அர்த்தம்.

ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல், பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு. அவர்களுக்குக் கடல்பாசி இருக்கு, கடையில் சைனா கிராஸ், அகர் அகர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பாசி நம்ம ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கிற சரக்கு. கடல்பாசிப் பொடி அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே எடுத்து, அந்த இருநூறு மில்லி பாலில் போட்டு ரெண்டு நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு சூடான ஏட்டில் கலக்க வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்துகொள்ளுங்க. ஜெலட்டின் நம்ம உடம்புச் சூட்டிலேயே கரையும், அதனால் வாயில் வைத்ததும் உருகும். கடல்பாசி அந்தச் சூட்டில் கரையாது, நாக்கில் உடையும். எங்க வீட்டில் ரெண்டும் செய்தோம். அம்மாவுக்குக் கடல்பாசி போட்டதுதான் பிடித்தது, எனக்கு மற்றது.

இனி எலுமிச்சை. பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். திரிந்துபோகும். அதனால்தான் ஏட்டில் தோலின் வாசனையை மட்டும் சேர்க்கிறோம், சாறு பக்கத்தில் பனியாக வருகிறது. ஒரே பாத்திரத்தில் வைத்தால் கெட்டுப்போகிற ரெண்டு சரக்கை ஒரே தட்டில் தனித்தனியாக வைத்து, சேர்கிற வேலையை நாக்குக்கு விட்டுவிடுகிறார்கள். ஏடு தனியாகத் தின்றால் நாலு கரண்டியில் திகட்டும். பனி தனியாகத் தின்றால் பல் கூசும். ரெண்டையும் மாற்றி மாற்றித் தின்றால் கிண்ணம் காலியாவது தெரியாது.

அரை லிட்டர் தண்ணி, கால் கிலோ சர்க்கரை, கரையும் வரை கொதிக்கவிட்டு முழுசா ஆறவிடுங்க. நூத்தைம்பது மில்லி சாறு, நம்ம நாட்டு எலுமிச்சை பத்துப் பழம் பிழிந்தால் கிடைக்கும். சாற்றைக் காய்ச்சக்கூடாது, வாசனை போய்விடும். கலந்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்க. முக்கால் மணிக்கு ஒரு தரம் முள்கரண்டியால் சுரண்டிக் கிளறுங்க, நாலஞ்சு தடவை. கடைசியில் மிக்ஸியில் ஒரு சுற்று. சர்க்கரை அதிகமாக இருக்கே என்று குறைக்காதீங்க. சர்க்கரைதான் அதைக் கல்லாக உறையாமல் காக்கிறது. குறைத்தால் ஐஸ் கட்டியைத்தான் கடிக்க வேண்டியிருக்கும்.

கரண்ட் போச்சுன்னா? ஐஸ் கட்டி மூணு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்ட அண்டாவுக்குள் டப்பாவை இறக்கிச் சுற்றிக்கொண்டே இருங்க. உப்பு போட்ட ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கும். இத்தாலிக்காரன் பழைய காலத்தில் அப்படித்தான் செய்தான். சிசிலித் தீவில் எட்னா எரிமலை மேல் விழுகிற பனியைக் குகைகளில் அடைத்துவைத்துக் கோடையில் விற்றார்கள், மால்டா தீவு வரைக்கும் அது கப்பலில் போனது. நேப்பிள்ஸ் நகரத்தில் அந்தோனியோ லத்தீனி என்ற அரண்மனைக் காரியக்காரர் 1690களில் அச்சிட்ட சமையல் புத்தகத்திலேயே சார்பெட் செய்முறைகள் இருக்கு.

எலுமிச்சையும் ஆரஞ்சும் அவர்கள் மண்ணில் பிறந்த செடிகளும் இல்லை. இமயமலை அடிவாரத்திலும் அதற்குக் கிழக்கேயும் முளைத்த இனம், அரபிகள் கைவழியாக சிசிலிக்குப் போனது. இத்தாலியர்கள் ஆரஞ்சை அரான்சியா என்கிறார்கள். அந்தச் சொல் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் பின்னோக்கிப் போனால் திராவிட மொழிகளில் வந்து நிற்கிறது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். நம்ம நாரத்தைக்குச் சொந்தக்காரச் சொல் அது. அவர்கள் அந்தப் பழத்தைப் பனியாக்கி உலகத்துக்கே கொடுத்தார்கள். நாம் ஊறுகாய் போட்டதோடு நிறுத்திக்கொண்டோம். ஊறுகாய் மட்டமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேலே ஒரு படி ஏறிப்பார்க்க ஆசைகூட வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது என் வாதம்.

தன் சரக்கின் உச்ச ருசி என்னவென்று ஒரு தடவையாவது தின்று பார்க்காதவன், அந்தச் சரக்குக்கு விலை பேச முடியாது. எங்க பக்கம் மழைக்காலத்தில் எலுமிச்சை விலை இறங்கினால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாது, மரத்தடியிலேயே உதிரவிடுகிறோம். கமிஷன் கடையில் "பழம் சொத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்ததை வாங்கி வருகிறோம். அந்தப் பழத்தின் தோலில் என்ன இருக்கு, சாற்றில் என்ன இருக்கு, அதை வைத்து ஒருத்தன் என்ன செய்கிறான் என்று தெரிந்தவன் அப்படிக் குனிய மாட்டான். விலை உடனே ஏறாது, சரி. ஆனால் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்கிற புத்தி வரும்.

"இதைத்தான் மதிப்புக்கூட்டல் என்று ஆபீசர்கள் கூட்டம் போட்டுச் சொல்கிறார்களே" என்பீங்க. இல்லை, நான் சொல்வது அது இல்லை. அந்தப் பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். மதிப்பைக் கூட்டினால் மட்டும் விவசாயி பிழைத்துவிட மாட்டான் என்பதற்கு இத்தாலியே சாட்சி.

ரெண்டு உதாரணம். சொறிகரப்பான் நோய்க்கு எலுமிச்சை நல்லது என்று 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சோதித்துப் பார்த்தார். 1795 வாக்கில் ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது. சிசிலி எலுமிச்சைக்குக் கிராக்கி ஏறியது. தோப்பு தங்கமாச்சு. தோப்பு தங்கமானதும் காவல் காக்கிறேன் என்று ஒரு கூட்டம், விலை பேசித் தருகிறேன் என்று ஒரு கூட்டம் வந்தது. மாஃபியா வேரூன்றியதற்கு அந்த எலுமிச்சை லாபமும் ஒரு காரணம் என்று 2017ல் வந்த ஒரு பொருளாதார வரலாற்று ஆய்வு சொல்கிறது. பழத்துக்கு விலை ஏறியது, பலன் நடுவில் நின்றவனுக்கும் போனது.

இன்னொன்று அமால்ஃபி. கடலோர மலைச்சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய தோப்புகள். செஸ்ட்நட் மரக்கம்பால் பந்தல் போட்டு எலுமிச்சை வளர்க்கிறார்கள். வண்டி போகாது, கூடையைத் தோளில் சுமந்துதான் இறங்க வேண்டும். 2001ல் அந்தப் பழத்துக்கு ஐரோப்பியப் புவிசார் பெயர்க் காப்பு கிடைத்தது. உலகமே பேர் சொல்கிற பழம். ஆனாலும் அந்தப் படிகளில் பல தரிசாகிக்கொண்டிருக்கு, சுமக்க இளவட்டங்கள் வருவதில்லை. தோப்பு போனால் கல்லடுக்கு சரியும், மண் சரியும். பேர் கிடைத்தும் ஆள் கிடைக்கவில்லை. நம்ம கதைதான்.

பால் பக்கமும் அப்படியே. வட இத்தாலியின் மாட்டுப்பண்ணைகளில் மாடு கறக்கிறவர்களில் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் ஏராளம். அந்த நாட்டுப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன வேலையை நம்ம நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ச் செய்கிறார்கள்.

அதனால் "பன்னா கோட்டா செய்து பணக்காரர் ஆகலாம்" என்று நான் எழுத மாட்டேன். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், குளிரூட்டின வண்டி வேண்டும், ரெண்டு நாளில் தீர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வைத்து விற்கிற பண்டம் இல்லை இது. அதோடு, மதிப்புக்கூட்டல் என்று மேடையில் ஆண்கள் பேசி முடித்ததும் அந்த வேலை போய் விழுவது வீட்டுப் பெண்கள் தலையில். ஏற்கெனவே சாணி அள்ளி, பால் கறந்து, சோறாக்கி நிற்கிறவளிடம் ஜாம் போடு, பனீர் போடு என்றால் நியாயமா? எங்க வீட்டில் ஏடு வழிப்பதும் கிளறுவதும் என் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "பாத்திரம் கழுவுறதும்தானே?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அதுவும்தான்.

பியமான்ட்காரனிடம் நான் கற்றுக்கொண்டது வேறு. பன்னா கோட்டா ஆயிரம் வருஷப் பண்டம் இல்லை. அந்தப் பெயர் சமையல் புத்தகங்களில் புழங்க ஆரம்பித்ததே 1960களுக்கு அப்புறம்தான். 2001ல் பியமான்ட் அதைத் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியில் அந்தப் பட்டியலில் ஏற 25 வருஷம் ஒரே முறையில் செய்து வந்திருந்தால் போதும். இருபத்தஞ்சே வருஷம்! நம்ம ஊர் சீம்பால், திரட்டுப்பால் எத்தனை தலைமுறை? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அது பாலும் சர்க்கரையும் மட்டும் வைத்து ஒரு ஊர் சாதித்த காரியம். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தாங்களும் தின்றார்கள், தின்றதால் பதம் தெரிந்தது, பதம் தெரிந்ததால் பேர் நின்றது. தின்னாத ஊரில் பண்டம் பிறக்காது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். வாரத்தில் ஒரு நாள் ஒரு நேரத்துப் பாலை ஊற்றாதீங்க. நஷ்டக் கணக்கு பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், பீடி, டீ, செல்போன் ரீசார்ஜ் செலவோடு அதையும் சேர்த்துப் பாருங்க. அந்தப் பாலில் ஏடு எடுங்க. பன்னா கோட்டாதான் செய்ய வேண்டும் என்று இல்லை, திரட்டுப்பால் கிண்டுங்க, நெய் காய்ச்சுங்க. மரத்தடியில் உதிர்கிற எலுமிச்சையைப் பொறுக்கிப் பிழிந்து பனியாக்குங்க. பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்க, இந்த ஏடு எந்த மாட்டுடையது, இந்தப் பழம் எந்த மரத்துடையது என்று. பெரிய ஓட்டலில் காசு கொடுத்துத் தின்கிறவனுக்கு அந்த ரெண்டும் தெரியாது.

விவசாயத்தில் என்ன இருக்கு என்று கேட்கிற பிள்ளைக்கு ஆயிரம் புத்தி சொல்லிப் பார்த்துவிட்டோம். ஒரு கிண்ணம் கொடுத்துப் பார்ப்போமே. செய்து பார்த்தவர்கள், உங்க பால் எவ்வளவு ஏடு கொடுத்தது என்று எழுதுங்க. எருமைப்பாலில் முயற்சி செய்தவர் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்க. எங்க வீட்டில் எருமையை விற்று நாலு வருஷமாச்சு.